மூன்றாவது பாடவேளையில் நீல வில்லை

ரோஸ்மோண்ட் ஃபெக்டோ போன நவம்பரில் இறந்தாள். எழுபத்தைந்து வயது. கணையத்தில் புற்று, கண்டுபிடித்ததிலிருந்து பத்தொன்பது நாள். அவள் விட்டுப்போன சாமான்களில் கனமானது ஒரு பலகை. நாலடிக்கு எட்டடி ஒட்டுப்பலகை, வெள்ளை வண்ணம், நூற்று முப்பத்து மூன்று கொக்கிகள். கார் கொட்டகைச் சுவரிலிருந்து அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இருவரில் ஒருத்தி மகள் மிரேய். பாலங்களின் அதிர்வை அளப்பது அவள் வேலை. கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டாள். அன்றைக்கு வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

முன்பு அந்தப் பலகை நார்த் பிக்ஃபோர்ட் பள்ளி அலுவலகத்தில் இருந்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு ஓரம். இன்னும் இருபது நிமிடம் வண்டி ஓட்டினால் கனடாவின் பிரெஞ்சு பேசும் கியூபெக்; ஊரில் பலர் அங்கிருந்து வந்த குடும்பங்கள். பள்ளியில் பத்தொன்பது ஆசிரியர்கள், நாளைக்கு ஏழு பாடவேளை. பெருக்கினால் நூற்று முப்பத்து மூன்று. ஒவ்வொரு கொக்கியிலும் தகர விளிம்பு வைத்த ஒரு வட்ட அட்டை வில்லை தொங்கும். ஸ்பானிஷுக்கு மஞ்சள், பிரெஞ்சுக்கு நீலம், பேண்டு வாத்தியத்துக்குச் சிவப்பு. ரோஸின் கணவன் ஆல்சீட், பால் லாரி ஓட்டுபவன், ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்துகொடுத்தது. பள்ளி கணினி வாங்கிய பிறகும் ரோஸ் பலகையை விடவில்லை. கணினி போட்ட அட்டவணையை வில்லைகளால் தொங்கவிட்டுப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அவள் கணினியைத்தான் சந்தேகப்படுவாள். பெரும்பாலும் அவள் சந்தேகம் சரியாகவே இருந்தது.

அலுவலகச் செயலர் என்பது அவள் பதவிப் பெயர். யார் எந்த வேளையில் எந்த அறையில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ததெல்லாம் அவள்தான்.

மார்ச் மாதம் வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பச்சைத் தாளில் மறு வருடத்துக்கான மொழியை எழுதித் தர வேண்டும். ஸ்பானிஷ் அல்லது பிரெஞ்சு. இந்தத் தாளில் ரோஸுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிள்ளை தன் கையால், மையால் எழுத வேண்டும். பெற்றோர் கையெழுத்து கீழே, தனியாக. காலியாக வந்த தாளை அவள் நிரப்ப மாட்டாள். பிள்ளையை வகுப்பிலிருந்து கூப்பிட்டு எதிரே நிறுத்தி எழுத வைப்பாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1960-இல் அவளே அப்படி ஒரு தாளோடு நின்றாள். அப்போது ரோஸ்மோண்ட் லாமோத். தீவனக் கடை கொடுத்த நாட்காட்டியில் ஸ்பெயினின் ஒரு கடலோர ஊரைப் பார்த்திருந்தாள். வெள்ளை வீடுகள், வெயில். ஸ்பானிஷ் என்று எழுதப் பேனாவைத் திறந்தாள். வழிகாட்டி ஆசிரியர் பெயரைப் பார்த்தார். "லாமோத்தா? வீட்ல பேசறதுதானே. உனக்கு லேசு" என்று தாளை வாங்கிப் பிரெஞ்சு என்று தானே எழுதிக்கொண்டார். லேசாக இல்லை. வீட்டில் பசுவிடமும் பாட்டனிடமும் பேசிய வீட்டுப் பிரெஞ்செல்லாம் வகுப்பில் சிவப்பு மையில் அடிபட்டது. வருடக் கடைசியில் ஐம்பத்தெட்டு மதிப்பெண். அந்த மதிப்பெண் தாளை அவள் விறகடுப்பில் போட்டாள்.

1998-இல் மிரேய் எட்டாம் வகுப்பு. பனி உருகும் மார்ச் மாதத்துச் சேறு. பள்ளிப் பேருந்து மூன்று இடங்களில் புதைந்து கிடந்த வாரம். பள்ளிக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் பிரெஞ்சு முதல் வகுப்பு நடக்காது. முதல் வகுப்பு இல்லை என்றால் மறு வருடம் இரண்டாம் வகுப்பு இல்லை. நான்கே வருடத்தில் பிரெஞ்சு முடிந்துவிடும். பிரெஞ்சு வாத்தியார் ஹெக்டர் வாஷோன் செப்டம்பரிலிருந்தே அரை நாள் வேலைக்கு இறங்குவார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போது.

திங்கட்கிழமை மதியம் ரோஸ் தாள்களை எண்ணினாள். ஸ்பானிஷ் முப்பத்தொன்று. பிரெஞ்சு பதினொன்று. திரும்ப எண்ணினாள். பதினொன்று.

தலைமையாசிரியர் டட்டில் காபிக் கோப்பையோடு வந்து மேசை ஓரத்தில் சாய்ந்தார்.

"எவ்வளவு ரோஸ்?"

"பதினொண்ணு."

"ஒண்ணுதானே குறையுது. உங்க வீட்லயே ஒண்ணு இருக்கே."

"அவ ஸ்பானிஷ் எழுதியிருக்கா."

"ஃபெக்டோ பொண்ணு ஸ்பானிஷா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்தி எழுத மாட்டாளா?"

"எழுதுவா. அதான் சொல்லல."

டட்டில் காபியைக் குடித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு" என்றார். "நான் கட்டாயப்படுத்தல. வாஷோன் முகத்தைப் பாத்தா எனக்குத் தாங்கல, அவ்வளவுதான்."

வாஷோன் முகத்தை ரோஸ் பார்ப்பதே இல்லை. பத்தரை வருடமாக அப்படித்தான். 1987 செப்டம்பரில், பெற்றோர் சந்திப்பு நாளில், பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நிற்க அவள் அவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மழையைப் பற்றி. அவர் சிரித்துக்கொண்டே, அதே வாக்கியத்தைப் புத்தகத்தில் இருப்பதுபோல் திருத்தித் திருப்பிச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அன்றைக்கே மறந்திருப்பார். அன்றிலிருந்து ரோஸ் அவரிடம் ஆங்கிலம் மட்டும் பேசினாள். அதுவும் அளந்து.

செவ்வாய் காலை உணவகத்தில் அண்ணன் காஸ்டன் பிடித்துக்கொண்டான். தட்டில் வறுத்த ரொட்டியும் அதன்மேல் பன்றிக்கறி விழுதும், வாய் நிறைய.

"ரோசி! பிரெஞ்சுக்கு மூடுவிழாவாமே. சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறது நம்ம வீட்டுப் பொண்ணாம்!"

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசு."

"அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"உன் பையன் எந்த மொழி எடுத்தான்?"

காஸ்டன் மென்றான். "அவனுக்கு மரவேலை."

"அப்ப ஆணி உன்கிட்டத்தான் இருக்கு."

பக்கத்து மேசை சிரித்தது. ரோஸ் சிரிக்கவில்லை. பணிப்பெண் காபி ஊற்றிக்கொண்டே, "சும்மா சொல்லிப் பாரேன் ரோஸ். புள்ளைங்களுக்கு எதுனாலும் ஒண்ணுதானே" என்றாள். ரோஸுக்கு அந்தப் பேச்சுத்தான் குத்தியது. அவளுக்கு எதுவானாலும் ஒன்றாக இருந்ததில்லை. நாட்காட்டியில் பார்த்த வெள்ளை வீடுகள் நாற்பது வருடமாக அவளுக்கு நினைவிருந்தன.

சொன்னால் ஒரு மனிதரின் வேலை பிழைக்கும். ஆனால் தனக்குச் செய்யப்பட்டதைத் தன் மகளுக்குத் தானே செய்ததாக ஆகும். வாயை மூடிக்கொண்டால், பழைய கோபத்தை வைத்துக்கொண்டு வாஷோனைக் கவிழ்த்தாள் என்று ஊர் சொல்லாவிட்டாலும் அவளுக்கே தோன்றும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மிரேய் பேண்டில் ஊதும் ட்ராம்போனைக் குளியல் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தாள். நீளக் குழாய்க்குள் தூரிகையை விட்டு இழுத்தாள். தண்ணீர் பச்சையாக வந்தது. ரோஸ் கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். கட்டாயம் இல்ல. நீ ஏன் பிரெஞ்சு எழுதல?"

"எழுத முடியாதே."

"ஏன் முடியாது?"

மிரேய் நிமிர்ந்து பார்த்தாள், அம்மா வேடிக்கை பண்ணுகிறாளா என்று. "மமா, பிரெஞ்சு மூணாவது பீரியட். பேண்டும் மூணாவது பீரியட். நான் என்ன ரெண்டா?"

ரோஸ் விரல்விட்டு வேளைகளை எண்ணினாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள் மிரேய். "ஊதறவனுக்கு ஸ்பானிஷ், ஊதாதவனுக்கு வாஷோன். ஏழாங்கிளாஸ்ல சேரும்போதே பெரிய பசங்க சொல்லிருவாங்க. நீதானே மமா அட்டவணை போடற? உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"யாரும் சொல்லலியா?"

"நான் கேக்கல."

மிரேய் தூரிகையை உதறினாள். ரோஸின் கோட்டெல்லாம் தண்ணீர். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

புதன் காலை ஏழு மணிக்கு ரோஸ் அலுவலக அலமாரியைத் திறந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினாள். வருடத்துக்கு ஒன்று, எல்லா அட்டவணையும் பென்சிலில். பேண்டு எப்போதும் மூன்றாவது வேளைதான். பேண்டு வாத்தியார் இரண்டு ஊர்ப் பள்ளிகளுக்குப் பொது. மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார். அதை நகர்த்த முடியாது. பிரெஞ்சு முதல் வகுப்பு 1986-இல் ஆறாவது வேளை. இருபத்து நான்கு பேர். 1987-இல் ஆறாவது வேளை. இருபத்து மூன்று பேர். 1988-இல் மூன்றாவது வேளை. பத்தொன்பது. பிறகு பதினேழு, பதினாறு என்று படிப்படியாக இறங்கிப் போன வருடம் பன்னிரண்டு.

ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். கிழவர்கள் செத்துப்போகிறார்கள் என்றார்கள். தொலைக்காட்சி என்றார்கள். ஸ்பானிஷ் டீச்சர் இளவயசு, வெள்ளிக்கிழமை வகுப்பில் சிப்ஸ் கொடுக்கிறாள் என்றார்கள். ரோஸும் தலையாட்டியிருக்கிறாள்.

1988-இல் ஏன் மாற்றினோம்? கார் ஓட்டும் பயிற்சி வகுப்புக்காக என்றுதான் அவளுக்கு நினைவு. குறிப்பேட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். கார்ப் பயிற்சி அந்த வருடம் இரண்டாவது வேளை. வாஷோனின் வரிசையில் ஆறாவது கட்டம் காலி. வெறும் காலி. முன்பு எழுதியதை அழித்திருந்த தடம் கூடத் தெரிந்தது. 1988 வசந்தம். மழையைப் பற்றிய பேச்சு நடந்து ஆறு மாதம்.

அவள் குறிப்பேட்டை மூடினாள். பிறகு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"பிரெஞ்சு பேண்டோட மோதுது" என்றாள். "அதனாலதான் சேர மாட்டேங்கறாங்க. எட்டாங்கிளாஸ்ல ஒம்பது பேர் பேண்டு. ஒம்பதும் ஸ்பானிஷ்."

டட்டில் எழுதுவதை நிறுத்தினார். "எப்பலேர்ந்து?"

"பத்து வருஷமா."

"அங்க வெச்சது யாரு?"

"நான்."

"எதுக்கு?"

"அவர் மேல கோபம்" என்றாள் ரோஸ். "அப்ப எனக்கே தெரியல. இப்பத்தான் பாத்தேன்."

டட்டில் பேனாவை மூடி வைத்தார். சுவரில் வெப்பக் குழாய் தட்டிக்கொண்டிருந்தது. அவள் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. "மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள்."

"அப்ப ஏன் இங்க நிக்கறீங்க?"

பலகையில் ஒரு வில்லையை எடுத்தால் அது தனியாக வராது. நீலத்தை மூன்றிலிருந்து ஆறுக்குக் கொண்டுபோனாள். ஆறில் இப்போது பிரெஞ்சு மூன்றாம் வகுப்பு இருந்தது. அதை ஒன்றுக்குத் தள்ளினாள். ஒன்றில் வேதியியல், அதே எட்டுப் பேர் இரண்டிலும். வேதியியலை நான்குக்கு மாற்றினால் ஆய்வுக்கூடத்தில் ஏழாம் வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. வகுப்பு நேரம் முழுக்கத் தொலைபேசியும் அவள்தான் எடுக்க வேண்டும். காய்ச்சலில் வந்த பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, உப்பு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பலகை முன் வந்து நின்றாள். பதிமூன்று வில்லைகள் இடம் மாறின. பதினாலாவது கையில் நின்றது. ஏழாம் வகுப்புத் தையல். எங்கே மாட்டினாலும் யாரோ ஒருவர் இரண்டாக வேண்டியிருந்தது. வியாழன் இரண்டரை மணிக்குத் தையல் டீச்சர் எட்டிப்பார்த்து, "என்னை வேணா சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் போட்டுடேன், எனக்கென்ன" என்றாள். அங்கேதான் இடம் இருந்தது. ரோஸ் அதைக் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அந்த டீச்சர் பதினைந்து வருடமாக மதியம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மதியம் ஆகாதுன்னு சொல்லுவியே."

"அது என் மாமியார் உயிரோட இருந்தப்ப."

வெள்ளிக்கிழமை மூன்றாவது வேளை. ரோஸ் ஒன்பது புதிய பச்சைத் தாள்களோடு பேண்டு அறைக்குப் போனாள். பேண்டு வாத்தியார் குச்சியை வைத்துவிட்டு ஒதுங்கினார். எட்டாம் வகுப்பு ஒன்பது பேரையும் முன் வரிசைக்கு வரச் சொன்னாள். மிரேய் கடைசியாக வந்து உட்கார்ந்தாள். அம்மாவைத் தெரியாதவள்போல் முகம்.

"பிரெஞ்சு இனிமே ஆறாவது பீரியட்" என்றாள் ரோஸ். "பேண்டையும் எடுக்கலாம், அதையும் எடுக்கலாம். பழைய தாள் செல்லாது. மறுபடி எழுதுங்க. வீட்டுக் கையெழுத்தைத் திங்கட்கிழமை வாங்கிக்கலாம். எதை எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். பழையபடியே எழுதினாலும் சரி."

டிரம்ஸ் வாசிக்கும் பெண் கையைத் தூக்கினாள். "மிசஸ் ஃபெக்டோ, ஸ்பானிஷ்ல வெள்ளிக்கிழமை சிப்ஸ் குடுப்பாங்க. பிரெஞ்சுல என்ன குடுப்பாங்க?"

"வீட்டுப்பாடம்."

அறை முழுக்கச் சிரித்தது. டூபாக் குழலில் ஒருத்தன் ஒரு நீண்ட சோக ஓசை எழுப்பினான். ரோஸ் திரும்பி நின்று சுவரைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் பேனாக்கள் கீறும் ஓசை. தாள்களைக் குப்புற அடுக்கச் சொல்லி அப்படியே எடுத்துவந்தாள்.

அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஸ்பானிஷ். ஸ்பானிஷ். மூன்றாவது, சிப்ஸ் கேட்ட பெண்ணுடையது. பிரெஞ்சு.

பன்னிரண்டு.

ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிச்சத்தையும் திருப்பினாள். ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ், பிரெஞ்சு, பிரெஞ்சு. பதினைந்து. கடைசித் தாள் மிரேயுடையது. கறுப்பு மை, பெரிய எழுத்து. ஸ்பானிஷ்.

ரோஸ் சத்தமாகச் சிரித்துவிட்டாள். டட்டில் கதவைத் திறந்து, "என்ன?" என்றார். அவள் தாள் கட்டைத் தூக்கிக் காட்டினாள். "பதினஞ்சு. எம் பொண்ணு இல்லாமலே."

மூன்றேகாலுக்கு வாஷோன் வந்தார். தொப்பி கையில். அறுபது வயது மனிதர், வாசலில் நின்றபடி, ஆங்கிலத்தில் நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

"நன்றி சொல்லாதீங்க" என்றாள் ரோஸ். "மூணாவது பீரியட்ல வெச்சதே நான்தான். கோபத்துல. ஒரு தடவை எல்லாருக்கும் முன்னாடி நான் பேசினதைத் திருத்தினீங்க."

"நானா? என்ன பேசினீங்க?"

அவள் சொன்னாள். பத்தரை வருடத்துக்கு முந்தைய மழையைப் பற்றிய வாக்கியம், ஒரு சொல் மாறாமல், தன் வீட்டுப் பேச்சில். வாஷோன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். "நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். காலேஜ்ல ஒருத்தர் திருத்தினாரு. அவரும் எல்லாருக்கும் முன்னாடிதான்."

வாசல் வழியே மார்ச் மாதக் காற்று உள்ளே வந்து தாள்களைத் தூக்கியது.

"கதவைச் சாத்துங்க" என்றாள் ரோஸ் பிரெஞ்சில், வீட்டில் சொல்வதுபோலவே. "இருக்கற சூடெல்லாம் வெளிய போகுது."

வாஷோன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். எதையும் திருத்தவில்லை.

நான்கு மணிக்கு மிரேய் அம்மாவின் டிரக்கில் ஏறினாள். ட்ராம்போன் பெட்டி இருவருக்கும் நடுவில். ஆற்றுப் பாதையில் சேறு. ரோஸ் இரண்டாவது கியரில் மெதுவாகப் போனாள்.

"கோவமா மமா?"

"எதுக்கு?"

"நான் மாத்தி எழுதுவேன்னு நெனச்ச."

"நெனச்சேன். எழுதலன்னதும் சந்தோஷமா இருந்துச்சு."

"பொய்."

"நெஜமா. உன்னை மாத்தச் சொல்லாமலே ஆயிடுச்சு பாரு." சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "சரி, சொல்லு. ஏன் ஸ்பானிஷ்? சிப்ஸா?"

"சிப்ஸும்தான்." மிரேய் கண்ணாடியில் படிந்த மூச்சை விரலால் துடைத்தாள். "பிரெஞ்சுதான் ஏற்கனவே வீட்ல இருக்கே. நீ கோவம் வந்தா திட்டற. மாமா சீட்டாடும்போது கத்தறாரு. எனக்குப் பாதிக்கு மேல புரியும். பள்ளிக்கூடத்துலயும் அதையே எதுக்குப் படிக்கணும்? இல்லாததைப் படிக்கலாம்னு பாத்தேன்."

ரோஸ் சாலையைப் பார்த்தாள். சர்க்கரை மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்கும் வாளிகள் தொங்கின. சில நிரம்பி வழிந்தன. தான் பேசியதை ஒருவர் மொழி என்று கணக்கில் சேர்த்ததை அவள் இதுவரை கேட்டதில்லை. நாட்காட்டியில் பார்த்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெயர் மறந்துவிட்டது. வெள்ளை வீடுகள் மட்டும் நினைவிருந்தன.

அப்போதுதான் டிரக் நின்றது. பின் சக்கரம் சேற்றில் சுற்றியது. ரோஸ் வாய்க்கு வந்ததைப் பிரெஞ்சில் சொன்னாள், நீளமாக, அப்பா டிராக்டரைத் திட்டுவதுபோல்.

"இதோ" என்றாள் மிரேய், காலணி நாடாவை இறுக்கிக்கொண்டு. "முழுசாப் புரிஞ்சுது."

இருவரும் இறங்கித் தள்ளினார்கள்.